மழை கழுவிவிடாதா?

பூஞ்சையைப் பற்றி ஒரு பதிவு. தலைப்பைப் பார்த்து வேறு ஏதோ என்று வந்தவர்கள் ஓடிவிட வேண்டாம். கொஞ்சம் சொந்தக் கதையும் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, கார்த்திகைக் கடைசி. சம்பா நெல் பொதி கட்டியிருந்த சமயம். ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினார்.

"இலையில கண்ணு கண்ணா புள்ளி விழுந்திருக்குப்பா. நடுவுல சாம்பல், ஓரத்துல பழுப்பு. குலை நோய்தானே?"

"ஆமாப்பா, அதுதான்."

"மருந்து அடிக்கலாம்னா வானம் மூட்டமா கெடக்கு. ஏம்ப்பா, ஒரு நல்ல மழை பேஞ்சா அதுவே கழுவிட்டுப் போயிடாதா?"

நுண்ணுயிரியல் படிக்கிற பையன் என்று நம்பித்தான் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "போயிடும்ப்பா, ரெண்டு நாள் பாத்துட்டு அடிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். வித்து தூசி மாதிரி, தூசியை மழை கழுவும். இவ்வளவுதான் என் விஞ்ஞானம்!

பெரிய மழை வரவில்லை. தூறலும் பனியுமாக ஒரு வாரம் போனது. கதிர் வெளிவந்தபோது பல கதிர்களின் கழுத்து கறுத்துப்போய், மணி பிடிக்காமல் வெளுத்து நின்றன. அந்தத் தை மாதம் தூற்றும்போது நெல்லைவிடப் பதர்தான் அதிகம் பறந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

குலை நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் மேக்னபோர்த்தே ஒரைசே. தஞ்சை டெல்டாவுக்கு இது புது விருந்தாளி இல்லை, நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே இருக்கிறது. இதன் வித்து பேரிக்காய் வடிவத்தில், மூன்று செல்களோடு, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். காற்றில் வந்து இலையில் விழும்.

நெல் இலையைக் கவனித்திருக்கிறீர்களா? தாமரை இலை மாதிரியே அதிலும் தண்ணீர் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். மேலே இருக்கும் மெழுகுதான் காரணம். தண்ணீரே நிற்க முடியாத இடத்தில் இந்த வித்து எப்படி நிற்கிறது?

வித்தின் நுனியில் ஒரு பசை தயாராக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. புரதமும் சர்க்கரையும் கலந்த பசை. ஈரம் பட்டதும் அது வெளியே வந்து வித்தை இலையோடு ஒட்டிவிடும். 1988ல் இதை ஆராய்ந்தவர்கள் டெஃப்லான் மேலேகூட இந்த வித்து ஒட்டுவதைக் கண்டார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். தோசை ஒட்டாத இடத்தில் இது ஒட்டுகிறது!

இங்கேதான் என் பதில் தலைகீழாகப் போனது. எந்த ஈரம் வித்தைக் கழுவிக்கொண்டு போகும் என்று நினைத்தேனோ, அந்த ஈரம்தான் பசையைத் திறந்துவிடுகிற சாவி.

அடுத்தது மேலுறை. பூஞ்சைகளின் மேற்பரப்பில் ஹைட்ரோஃபோபின் என்ற சிறிய புரதங்கள் உண்டு. ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும், மறுபக்கம் வெறுக்கும். இவை தாமாகவே பாய் முடைந்த மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகிவிடும். குலை நோய்ப் பூஞ்சையில் இந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கான மரபணு எம்பிஜி1. 1993ல் நிக் டால்பட் குழுவினர் அதை நீக்கிப் பார்த்தார்கள். சாதாரணமாகத் தண்ணீர் ஒட்டாத அந்தப் பூஞ்சை தொப்பலாக நனைந்தது, வித்துகள் குறைந்தன, நோய் உண்டாக்கும் திறனும் குறைந்தது. ஒரு சின்ன மழைக்கோட்டைக் கழற்றியதற்கு இவ்வளவு விளைவு.

ஒட்டினால் மட்டும் போதாது, உட்கார்ந்த இடம் இலைதானா என்று தெரிய வேண்டும். அதற்கும் மேற்பரப்புப் புரதங்கள் இருக்கின்றன. செல் சவ்வில் இருக்கும் பிடிஹெச்11 என்ற புரதம், கீழே இருப்பது ஏற்ற பரப்புதானா என்று உணர்ந்து உள்ளே தகவல் அனுப்ப உதவுகிறது. 1999ல் அதை நீக்கியபோது பூஞ்சையால் அடுத்த கட்டத்துக்குச் சரியாகப் போக முடியவில்லை, நோயும் வரவில்லை.

அந்த அடுத்த கட்டம் அப்ரசோரியம் என்ற குமிழ். மெலனின் பூசிய கறுப்புக் குமிழுக்குள் கிளிசரால் சேரும், தண்ணீர் உள்ளே இழுக்கப்படும், அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த வேகத்தில் ஒரு முளை இலையைத் துளைத்து உள்ளே போகிறது.

நெல் சும்மா இருக்குமா? பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டினை அடையாளம் கண்டுகொள்ள நெல் செல்லின் மேலும் ஒரு புரதம் உண்டு. பெயர் சிஇபிஐபி, 2006ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் பூஞ்சை எஸ்எல்பி1 என்ற புரதத்தைச் சுரந்து, கைட்டின் துண்டுகளை நெல்லுக்கு முன்னால் தானே பிடித்து மறைத்துவிடுகிறது. இது 2012ல் தெரியவந்தது. காவல்காரன் கண்ணில் படாமல் சாட்சியை ஒளித்துவைக்கிற வேலை.

ஒட்டுவதில் தொடங்கிக் குமிழ் முதிர்ந்து துளைப்பது வரை ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. நம் கண்ணுக்குப் புள்ளி தெரிய அதற்கு மேல் நாலைந்து நாள் ஆகும். அப்பா பார்த்த "கண்ணு" எல்லாம் பல நாளுக்கு முன்பே முடிந்துபோன வேலையின் தழும்பு. அந்தத் தழும்பிலிருந்து புது வித்துகள் கிளம்பி, வெளிவரப்போகும் கதிரின் கழுத்துக்குப் போகக் காத்திருந்தன.

கடையில் குலை நோய்க்குக் கொடுக்கும் டிரைசைக்ளசோல், குமிழுக்கு வேண்டிய மெலனின் உருவாகாமல் தடுக்கிற மருந்து. மெலனின் இல்லையென்றால் அழுத்தம் நிற்காது, துளைக்க முடியாது. ஆக, அதன் முக்கியமான வேலை வாசலில்தான். உள்ளே போன பிறகு தேடிப் பிடிக்கிற மருந்து இல்லை அது. பொதிப் பருவத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு. அதில்தான் நான் "ரெண்டு நாள்" தானம் பண்ணினேன்.

இன்னொரு விஷயம். உலகத்தின் பல ஆய்வகங்களில் இந்தப் பூஞ்சையைச் சோதிக்கப் பயன்படுத்தும் நெல் ரகம் கோ 39. நம் கோயம்புத்தூர் ரகம்தான். குலை நோய்க்குச் சுலபமாக ஆளாகும் என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு தொட்டியில் அது வாடினால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. இங்கே ஒரு வயல் வாடினால் ஒரு வருடச் சாப்பாடு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஈரம்தான் பசையைத் திறக்கிறது, தூறலும் பனியும் அதற்குத் தோது, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப பனி விழுற ராத்திரிதான் பாத்துக்கணும்ங்கிற."

"ஆமாப்பா. யூரியாவையும் கொஞ்சம் குறைச்சுப் போடணும். தழைச்சத்து அதிகமானா நோயும் அதிகம்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

இந்த வருடமும் பனி விழ ஆரம்பித்துவிட்டது. முந்தாநாள் போன் பண்ணினார். புள்ளி எதுவும் விழவில்லையாம். இருந்தாலும் கேட்டார், "இப்பவே அடிக்கணுமா?" என்று. இந்த முறை நானாக எதுவும் சொல்லவில்லை. எங்கள் பேராசிரியரிடம் கேட்டு, வேளாண்மை அலுவலரையும் பார்க்கச் சொல்லி, பிறகுதான் பதில் சொன்னேன். படித்தவன் என்றால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு ஒட்டியிருந்த பசை. அதைக் கழுவ ஒரு போக நெல் செலவானது.