ஜியு-ஜிட்சு யாருடைய கலை?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் மாலையில் பாடம் சொல்லித் தருகிறோம். புத்தகத்தை மூடியதும் பேச்சு யுஎஃப்சி பக்கம் போய்விடும். "பிரேசிலியன் ஜியு-ஜிட்சு எல்லாம் பழசுண்ணா" என்பது பையன்களின் தீர்ப்பு. பாதி சரிதான்.

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில், ஒல்லியான ஹோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். நம் ஊர் மல்யுத்தத்தில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவிலோ மல்லாந்து கிடப்பவரும் எதிராளியின் இடுப்பைக் கால்களால் கட்டி, கையை முறுக்கியோ கழுத்தை நெரித்தோ ஜெயிக்கலாம். அன்று எதிரில் நின்றவர்களுக்கு அது புதிது. இன்று எல்லாருக்கும் அதிலிருந்து தப்பிக்கத் தெரியும். சுற்றுக்கு ஐந்து நிமிடம், நடுவர் மதிப்பெண் என்று விதிகளும் வந்துவிட்டன. சும்மா மல்லாந்து கிடந்தால் முகத்தில் குத்துதான் விழும்.

அதற்காக அது இல்லாமலும் முடியாது. மல்யுத்தமும் சாம்போவும் பழகி வந்த கபீப், 2020இல் தன் கடைசிச் சண்டையை முடித்தது கால்களால் கழுத்தைப் பூட்டும் முக்கோணப் பிடியில். ஜியு-ஜிட்சுக்காரர்கள் அன்றாடம் பழகும் பிடி அது.

எங்களுக்கு இதைவிட முக்கியம் அந்தக் கலைக்குள் ஓடும் வர்க்கமும் நிறமும். ரியோவில் நெடுங்காலம் அது வசதியானவர்களுடையது: கனத்த உடுப்பு, தனி வகுப்பு, கட்டணம். ஏழைகள் உடுப்பில்லாத லூட்டா லீவ்ரே பழகினார்கள். இரு தரப்புக்கும் தீராப் பகை. 1955இல் எலியோ கிரேசியின் கூடத்தில் பயின்று, அங்கேயே வேலையும் பார்த்த கறுப்பினத்தவர் வால்டெமார் சந்தானா, குருவோடு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் மோதி, கடைசியில் ஓர் உதையில் சாய்த்தார். எலியோ வயதில் மூத்தவர், எடையும் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலியோவின் அண்ணன் மகன் கார்ல்சன் பிற்பாடு சந்தானாவை வென்றார். காசில்லாத பையன்களுக்கும் தன் கூடத்தைத் திறந்துவிட்டவரும் அவரே.

யுஎஃப்சியில் பிடி போட்டு அதிக வெற்றி பெற்ற சார்லஸ் ஒலிவேரா ஃபவேலாவில் வளர்ந்தவர். நம் மொழியில் சேரி என்றே சொல்லலாம். இலவசமாகச் சொல்லித்தந்த ஒரு சமூகத் திட்டம்தான் அவரைப் பாய்க்கு அழைத்து வந்தது. 2021இல் பட்டம் வென்றார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளில் ஒருத்தி, "மேல ஏறி அமுக்குறவன் நம்மவிட ரெண்டு மடங்கு எடைன்னா என்ன பண்றது?" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இருட்டியபின் தனியே வீடு திரும்புகிற பிள்ளை.

பயிற்சிக்கூடம் வேண்டுமானால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். உடுப்பு வாங்கப் பல நாள் கூலி வேண்டும். மலை மேலேயே ஒரு பாயும், வாரம் இரண்டு நாள் வந்துபோக ஒரு பயிற்சியாளரும் கேட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை கையெழுத்துப் போட்டவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம்.