எதுவரைக்கும் வந்து நின்னுச்சு?

அம்மாவின் கணினியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருப் பக்கம் திரும்பியதும் வண்டி நகரவில்லை. எதிரே ஒரு மீன்பாடி வண்டி நிறைய மானிட்டர் பெட்டிகள். இறங்கி, நரசிங்கபுரம் தெரு வழியாகக் கணினியைத் தோளில் சாய்த்தபடி நடந்தேன். வானொலிப் பெட்டிக்கு உதிரிபாகம் தேடி வந்தவர்களால் வளர்ந்த இடம் இது. பிறகு டிவி வந்தது, பிறகு கணினி. இன்று தரைத்தளத்தில் கண்காணிப்பு கேமராவும் செல்போன் கவரும்தான் கண்ணில் படுகின்றன. விற்கிறவர்கள் கீழே இருக்கிறார்கள். சரிசெய்கிறவர்களைப் பார்க்க மாடி ஏற வேண்டும்.

அந்தக் கணினி 2012இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, விண்டோஸ் 7. அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். செய்யாறு பக்கத்து வட்டாரச் சொற்களைப் பல வருடமாக அதில் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறார். அந்தப் பக்கத்தில் கழனி என்றால் நன்செய், கொல்லை என்றால் புன்செய். தஞ்சாவூர்க்காரருக்குக் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். இப்படி மூவாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றுக்கும் யார் வாயிலிருந்து கேட்டது என்ற குறிப்போடு. வேறெங்கும் பிரதி இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனோம். பத்து நாள் கழித்து வந்து கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: செக்சம் சரியில்லை, ஆரம்ப அமைப்புகள் ஏற்றப்பட்டன, தொடர எஃப்1 அழுத்தவும். அம்மா அழுத்தினார். விண்டோஸின் நான்கு வண்ணப் பொட்டுகள் சுழன்று ஒன்றுசேர்வதற்குள் நீலத்திரை ஒன்று பளிச்சிட்டு மறைந்தது. மறுபடி முதலிலிருந்து. எத்தனை முறை போட்டாலும் அதேதான்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “விண்டோஸ் போயிடுச்சு மேடம், ஃபார்மட் பண்ணா சரியாயிடும். சி டிரைவ் மட்டும்தான் போகும்” என்றார்கள். அம்மாவின் கோப்புகள் அத்தனையும் டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப் என்று நாம் பார்ப்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. அம்மா கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நண்பர் ஒருவர் சொல்லி நான் போன அறை, செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் பத்தடிக்குப் பத்தடி. ஈயம் உருகும் வாசனை. மூன்று மேஜைகள். பெரியவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இருபது வயதில் இதே தெருவில் டிவி போர்டுக்குப் பற்றவைப்பு வேலையில் சேர்ந்தவராம். அவரிடம் தொழில் பழகும் இரண்டு பேரில் ஒருவர் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், இன்னொருவர் டிப்ளமோ முடித்த பெண். உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். “தாராளமா பாருங்க சார், ஆனா நடுவுல பேசாதீங்க, சத்தம் கேக்கணும்” என்றார்.

சத்தம் கேட்க வேண்டும் என்பதன் பொருள் மதியத்துக்குள் புரிந்துவிட்டது. கணினி தொடங்குவது படிப்படியாக நடக்கும் வேலை. சுவிட்சைப் போட்டதும், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டன என்று போர்டுக்குச் சொல்கிறது. அதன் பிறகே பிராசசர் கண் விழிக்கிறது. போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரல் ராமைத் தொட்டுப் பார்க்கிறது, திரைக்கு உயிர் கொடுக்கிறது, டிஸ்க்கைத் தேடுகிறது. இந்த மாதிரிப் பழைய கணினிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொறுப்பை அங்கே ஒப்படைக்கிறது. அதிலிருந்து விண்டோஸ். கோளாறு எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியில் கணினி நின்றுவிடும். எதையும் கழற்றுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் பெரியவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எதுவரைக்கும் வந்து நின்னுச்சு?”

ஃபேனே சுற்றவில்லை என்றால் ஒரு வழி. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை, விட்டுவிட்டு நீளமாகப் பீப் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் ராம். அந்தப் பெண் ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி செருகினார். ஊதினால் வாயின் ஈரம் அதில் ஒட்டும் என்றார். ஒற்றைச் சின்ன பீப், திரையில் எழுத்து. கடற்காற்று வீசும் ஊரில் இந்த வைத்தியம் தினமும் இரண்டு மூன்று கணினிக்கு நடக்கிறதாம்.

என்னைக் கேட்டபோது நீலத்திரைவரைக்கும் வருகிறது என்றேன். “அதுக்கு முன்னாடி?” எஃப்1 கேட்டது. “அதுக்கும் முன்னாடி, கடியாரம் ஒழுங்கா காட்டுச்சா?” அம்மா ஆறு மாதமாகக் காலையில் மணியைத் திருத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வயதான கணினி, அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பெரியவர் தலையாட்டினார். ஆனால் போர்டைத் தொடவில்லை. முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினார். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கைத் திறந்தார். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்: 0. “டிஸ்க் நல்லா இருக்கு. இருந்தாலும் மொதல்ல காப்பி. எடுத்து வெச்சுட்டுத்தான் நோண்டணும்.” அம்மாவின் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. திரையில் ‘கொல்லை_கழனி’ என்ற கோப்பின் பெயர் ஓடி மறைந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

அது முடிவதற்குள் மற்ற மேஜைகளைப் பார்த்தேன். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருவர் எக்ஸ்பி கணினியோடு வந்தார். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்தது. அவருடைய ஸ்கேனருக்கு எக்ஸ்பிக்கு அப்புறம் வந்த விண்டோஸில் டிரைவர் கிடையாது, அதனால் விட முடியவில்லை. எக்ஸ்பியைத் தொடக்கிவைக்கும் என்டிஎல்டிஆர் கோப்பு இல்லை என்று திரை சொல்கிறது. பையன் கணினியின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவி, மறந்து செருகிவைத்திருந்த பென்டிரைவை உருவினான். விண்டோஸ் வந்துவிட்டது. கணினி டிஸ்க்குக்கு முன் பென்டிரைவில் தேடியிருக்கிறது, அங்கே அந்தக் கோப்பு இல்லை, இல்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. காசு வாங்கவில்லை. இன்னொருவரின் டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்டியது. பெரியவர் உடனே கரண்டை எடுத்துவிட்டார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் உள்ளே முள் தட்டைக் கீறிவிடும், இதற்கென்றே டேட்டா மீட்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே கொண்டுபோங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

அதிக நேரம் நின்று பார்த்தது கெப்பாசிட்டர் மாற்றியதை. ஜி31 போர்டு, பதினைந்து வருடத்துக்குக் குறையாது. தையல் கடை நடத்தும் ஓர் அக்கா கொண்டுவந்தது. “காலையில நாலு தடவ ஆன் பண்ணாதான் வருதுண்ணா. வந்துட்டா ராத்திரிவரைக்கும் ஓடுது.” இதைக் கேட்டதுமே பெரியவர் பையனைப் பார்த்தார். பையன் பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளைகளின் தலையை விரல் நுனியால் தடவினான். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். இதில் மூன்று உப்பியிருந்தன. ஒன்றில் பழுப்பாகக் கசிவு. தலையில் கீறிவிட்டிருக்கும் சிலுவைக் கோடு அழகுக்கு இல்லை. உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கோட்டில் பிளந்து வெளியேறத்தான். பிராசசர் பக்கத்து வெக்கையில் வருடக்கணக்காக நின்று உள்ளிருக்கும் திரவம் வற்றிப்போகிறது. குளிர்ந்திருக்கும்போது அதனால் மின்சாரத்தைச் சீராகக் கொடுக்க முடிவதில்லை. நாலு முறை தட்டி எழுப்பிச் சூடேறியதும் ஓரளவு வேலை செய்கிறது. அந்த அக்கா சொன்ன ‘நாலு தடவ’தான் துப்பு.

பெரியவரே பற்றவைக்க உட்கார்ந்தார். கெப்பாசிட்டரின் ஒரு கால் சட்டென்று கழன்றது. மைனஸ் கால் வரவில்லை. அது போர்டுக்குள் பரந்து கிடக்கும் செம்புத் தகட்டோடு இணைந்திருப்பதால் சூட்டையெல்லாம் அந்தத் தகடு இழுத்துக்கொள்கிறது. அவர் அவசரப்படவில்லை. பழைய ஈயத்தின்மேல் புது ஈயத்தைக் கொஞ்சம் ஊட்டினார். அயனின் நுனி அங்கேயே நின்றது. இடது கை கெப்பாசிட்டரை இப்படியும் அப்படியும் மயிரிழை அளவு அசைத்துக்கொண்டே இருந்தது. இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்பு உறை கூடவே வந்துவிடும், அப்புறம் போர்டு டெட். எட்டு, பத்து விநாடி. பல் விழுவது போல மெல்ல வந்தது. அடைத்த துளையை ஊசியால் திறந்தார். புதுக் கெப்பாசிட்டரில் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். 85 டிகிரி சரக்கு விலை குறைவு, அந்த வெக்கையில் சீக்கிரம் மறுபடி உப்பும். பக்கவாட்டுக் கோடு மைனஸ். செருகி, பற்றவைத்து, காலைக் கத்தரித்தார். மூன்றும் முடிய முக்கால் மணி நேரம்.

இதற்கு அவர் வாங்கியது முந்நூற்றைம்பது ரூபாய். ஃபார்மட் போட்டால் ஐந்நூறு, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூட வேண்டாம். “கோளாறைத் தேடுற நேரத்துக்குக் காசு கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க சார். ஃபார்மட்டுன்னா குடுப்பாங்க. அந்த வார்த்தை எல்லாருக்கும் தெரியும்” என்றார். நான் அன்று கண்ட மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். தேடுவதுதான் இந்தத் தொழில். அந்தத் தேடலுக்கு விலை இல்லாததால்தான் பக்கத்துத் தெருக் கடைகள் இரண்டு நிமிடத்தில் அழித்துவிடச் சொல்கின்றன. நாமும் அந்த விலையைக் கொடுக்க மறுத்தே அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறோம். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்துவிட்டதால், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது இன்னும் சுலபமாகிவிட்டது. தையல் கடை அக்கா நாற்பதாயிரத்துக்கு எங்கே போவார்?

அம்மாவின் கோப்புகள் ஏறி முடிந்ததும் பெரியவர் டிஸ்க்கை மீண்டும் எங்கள் கணினியில் பொருத்தினார். தொடக்கத்தில் எஃப்8 தட்டி, தானாக மறுபடி தொடங்குவதை நிறுத்தினார். இப்போது நீலத்திரை ஓடாமல் நின்றது. 7பி என்று முடியும் எண். தொடங்க வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் எட்ட முடியவில்லை என்று பொருள். எட்டணா அளவில் போர்டின் மூலையில் பதிந்திருந்த சிஆர் 2032 பேட்டரியை நெம்பி எடுத்து மீட்டரை வைத்தார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9.

கணினியை அணைத்தாலும் நேரத்தையும் அமைப்புகளையும் காப்பாற்றுவது இந்தப் பேட்டரிதான். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸின் காத்திருப்பு மின்சாரம் அதற்குக் கைகொடுத்திருக்கிறது. இரவில் அம்மா சுவிட்சை அணைத்த நேரங்களில் கடிகாரம் மட்டும் பின்தங்கியது. பத்து நாள் முழுதாக அணைந்து கிடந்ததில் அமைப்புகளும் போயின. போர்டு தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பியபோது, டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாறிவிட்டது. ஏஎச்சிஐயில் நிறுவிய விண்டோஸ் 7, தொடங்கும்போது அதற்கான டிரைவரைத்தான் எழுப்பும். வேறு முறையில் அதற்கு டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் ஒரு கோப்பும் கெடவில்லை.

புதுப் பேட்டரி முப்பது ரூபாய். அதைப் போட்டு, பயாஸுக்குள் போய் ஒரு வரியை மாற்றி, தேதியைத் திருத்தி, சேமித்து வெளியே வந்தார். நான்கு வண்ணப் பொட்டுகள் சுழன்று ஒன்றுசேர்ந்தன. அம்மாவின் டெஸ்க்டாப் விட்ட இடத்தில் இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “திற, கடைசியா ‘ஞ’ வரிசைல நின்னேன், இருக்கா பாரு” என்றார். இருந்தது.

பெரியவரிடம் நானாகவே அறுநூறு ரூபாய் கொடுத்தேன். இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூடியை மாட்டப் போனவர் அதன் உட்பக்கத்தை என்னிடம் காட்டினார். மங்கிய பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘8-6-2016 எஸ்எம்பிஎஸ் மாத்தினது. ஃபேன் ஆயில்.’ அந்த ஆள் யார் என்று எனக்கு நினைவில்லை. பெரியவர் பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்து, அதன் கீழே அன்றைய தேதியைப் போட்டு, ‘பேட்டரி புதுசு. ஏஎச்சிஐயில் வைக்கவும். ஃபார்மட் வேண்டாம்’ என்று எழுதி, மை காயட்டும் என்று மூடியைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார்.