கணக்கில் ஏறாத 384 சுற்றுகள்

தோல்வி என்றதும் தனிமனிதன் ஒருவனின் முகமே மனதில் எழுகிறது. கதைகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. பெரும் நிறுவனங்களின் தோல்விக்கு முகமில்லை, நட்டக் கணக்கு மட்டுமே உண்டு என்பது பொதுவான எண்ணம். அது அவ்வளவு எளிதல்ல என்பதை எங்களுக்கு உணர்த்தியது, பிரான்சின் லெமான் நகரில் நடைபெறும் 24 மணிநேரக் கார் பந்தயம்.

1923இல் தொடங்கிய பந்தயம் அது. ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதை. அதில் ஒரு பகுதி ஊர்மக்கள் அன்றாடம் புழங்கும் சாலை. ஓட்டுநர்கள் மூவர் மாறிமாறி ஓட்டுவார்கள். ஓட்டுநருக்கு ஓய்வுண்டு, இயந்திரத்துக்கு இல்லை. ஆகவே இங்கே உண்மையில் பரீட்சிக்கப்படுவது காரைச் செய்தவர்களின் பொறுமைதான்.

அந்தப் பொறுமையை டொயோட்டா அளவுக்குச் சோதனைக்கு உள்ளாக்கிய நிறுவனங்கள் குறைவு. 1985இல் முதன்முறையாக லெமானுக்கு வந்தது. 1994இல் முன்னணியில் ஓடிய கார், முடிவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் இருக்கையில் கியர் இணைப்பு பழுதாகி இரண்டாமிடத்துக்கு இறங்கியது. 1998இல் வெற்றி நெருங்கிய வேளையில் கியர்பெட்டி கைவிட்டது. 1999இல் முதலிடத்தைத் துரத்திக்கொண்டிருந்த காரின் டயர் கடைசி மணிநேரத்தில் வெடித்தது. 2014இல் விடியலுக்குச் சற்று முன் மின்கம்பித் தொகுதி ஒன்று கருகி, முன்னணிக் கார் பாதையோரம் நின்றுபோனது. அப்போது அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் கசுகி நகாஜிமா.

2016 ஜூன் 19. இந்திய நேரப்படி மாலை ஆறரைக்குப் பந்தயம் முடியவேண்டும். நாங்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். டொயோட்டாவின் 5ஆம் எண் கார் முன்னணியில். ஓட்டுபவர் அதே நகாஜிமா. கார் வேகம் குறைந்தது. சக்தியே இல்லை என்று அவர் வானொலியில் சொன்னார். ஏறத்தாழ மூன்று நிமிடங்களே எஞ்சியிருக்க, முடிவுக்கோட்டைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், தம் அணியினரின் கண்ணெதிரே, கார் நின்றது. நீல் ஜானி ஓட்டிய போர்ஷே அதைக் கடந்து சென்று வென்றது.

உயிர்பெற்ற கார் ஊர்ந்து ஊர்ந்து இறுதிச் சுற்றை முடித்தது. அதற்குப் பதினொரு நிமிடங்களுக்கும் மேலாயின. விதி அனுமதித்ததோ ஆறு நிமிடங்கள். வென்ற போர்ஷே ஓடியது 384 சுற்றுகள். இந்தக் காரும் 384 சுற்றுகள்தான். ஆயினும் முடிவுப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை, இரண்டாமிடம்கூட. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடைப்பட்ட இணைப்புக் குழாயில் ஏற்பட்ட பழுதே காரணம் என்று பின்னர் நிறுவனம் அறிவித்தது.

எங்களைத் தொந்தரவு செய்தது தோல்வியல்ல, அந்த விதிதான். நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். பதினோரு இதழ்கள் வந்தன. மெய்ப்புத் திருத்தி முடித்த பன்னிரண்டாம் இதழ் அச்சேறவில்லை. அதில் எழுதியவர்களுக்கு அது வந்ததா, வரவில்லையா? அச்சேறாத இதழை எந்த நூலகமும் பதிவு செய்வதில்லை. முடித்ததை மட்டும் எண்ணும் கணக்கில் செய்தது எங்கே போகிறது என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் விதியைக் குறைசொல்லவும் மனம் ஒப்பவில்லை. முடிவுக்கோடு இல்லையென்றால் இருபத்து நான்கு மணிநேரம் என்பதற்கே பொருளில்லை. குழாயும் காரின் பகுதிதான். கடைசி மூன்று நிமிடங்களும் பந்தயத்தின் பகுதிதான். டொயோட்டா இதை எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டது என்று தோன்றுகிறது. 2018 பந்தயத்துக்கு ஆயத்தமாகும்போது வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, மூன்று சக்கரங்களில் காரை ஓட்டிக் கொண்டுவருவது வரைக்கும் பயிற்சி எடுத்தார்கள். வேகத்தைப் பயில்பவர்கள் நடுவே விபரீதத்தைப் பயின்றவர்கள் அவர்கள்.

அவ்வாண்டு டொயோட்டா வென்றது. கடைசியில் ஓட்டி முடிவுக்கோட்டைத் தாண்டியவர் நகாஜிமாவேதான். அதைத் தொடர்ந்து 2022 வரை ஐந்து ஆண்டுகள் வெற்றி. எனினும் ஆவ்டி 2016உடனும் போர்ஷே 2017உடனும் அந்தப் பிரிவிலிருந்து விலகிவிட்டிருந்தன. 2018இல் அவ்வகுப்பில் டொயோட்டாவுக்கு ஈடான பெருநிறுவனம் எதுவும் எதிரில் நிற்கவில்லை. வெற்றி வந்தபோது, யாரை வெல்ல விரும்பினார்களோ அவர்கள் களத்தில் இல்லை.

கோப்பைகள் 2018இலிருந்து தொடங்குகின்றன. ஆனால் டொயோட்டா லெமானில் மிகச் சிறப்பாக ஓடிய நாள் எதுவென்று எங்களைக் கேட்டால், பட்டியலில் இல்லாத அந்த 5ஆம் எண் காரைத்தான் சொல்வோம்.