முஸல்லாவும் பூனைக்குட்டியும்



பூனை நஜீஸ் அன்று என்பதை மத்ரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பதையும் அதே பிள்ளைக்கு நாம் கற்பிக்கிறோம். இவ்விரு சட்டங்களும் ஒரே கூடத்தில் சந்திக்கும் நாளில்தான் வீட்டாருக்கு வேலை தொடங்குகிறது.

சென்ற மழைக்காலத்தில் என் மகள் கரும்புக்கடைத் தெருவோரத்திலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தாள். ஐந்து வார வயது இருக்கலாம். மூன்றாம் நாள் அது என் மாமியாரின் முஸல்லாவில் சிறுநீர் கழித்துவிட்டது. மாமி எழுபதைக் கடந்தவர். முழங்கால் வலியால் மாடி ஏற இயலாது. கூடத்தின் அந்த மூலையே ஐவேளையும் அவர் தொழும் இடம். "உக்கடம் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடும்மா, அங்கே அதற்கு ரிஸ்க் உண்டு" என்றார். மகள் அழுதாள். மாமியின் சொல்லைக் கடுமை என்று தள்ளிவிட முடியாது. தொழும் இடம் தூய்மையாக இருப்பது தொழுகையின் நிபந்தனை அல்லவா?

இவ்விடத்தில் பலரும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர்க்காரணத்தைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். எனக்கு நினைவில் வந்தது கப்ஷா பின்த் கஅப் அவர்களின் செய்தி. அபூதாவூத், திர்மிதீ, முவத்தா ஆகிய நூல்களில் அது பதிவாகியுள்ளது. அவர் தம் மாமனார் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்யத் தண்ணீர் எடுத்து வைக்கிறார். ஒரு பூனை வருகிறது. மாமனார் பாத்திரத்தைச் சாய்த்து அதற்குக் குடிக்கக் கொடுக்கிறார். மருமகள் வியந்து நோக்க, பூனை அசுத்தமன்று, அது உங்களிடையே சுற்றித் திரிவனவற்றில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர் எடுத்துரைக்கிறார். இச்சலுகையின் காரணத்தை அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்: வீட்டுக்குள் வந்துபோகும் பிராணியிடமிருந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் காப்பது மனிதருக்குச் சிரமம். ஆனால் இச்சலுகை அதன் வாய்பட்ட நீருக்கே உரியது; கழிவுக்கு அன்று.

அன்றைய வீடுகளில் கழிவு ஒரு சிக்கலாகவே இருந்திருக்காது. என் பாட்டி வீட்டின் பின்கட்டில் மண் இருந்தது. விறகடுப்பின் சாம்பல் குவிந்து கிடந்தது. பூனை அங்கே தோண்டும், கழிக்கும், மூடிவிட்டு வரும். மூடுவது அதன் இயல்பு. நாம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. வாசல்வரை டைல்ஸ் பதித்து மண்ணை ஒழித்தவர்கள் நாம். ஆகவே குட்டியைக் குறைகூறுமுன் அதற்குக் கொஞ்சம் மண்ணைத் திருப்பித் தருவதே நீதி என்று எனக்குத் தோன்றியது.

விளிம்பு தாழ்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தோம். கடையில் விற்கும் கட்டியாகும் களிமண் இவ்வயதுக்கு ஏற்றதன்று. குட்டி அதைத் தின்றுவிடக்கூடும். (இக்களிமண் வாணிபத்தின் தொடக்கம் சுவையானது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் அண்டை வீட்டுப் பெண் தம் பூனைக்கு மணல் கேட்க, எட்வர்ட் லோ என்பவர் கைவசமிருந்த உறிஞ்சு களிமண்ணைக் கொடுத்தாராம். நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியின் இனம் அது.) நமக்கோ பொள்ளாச்சி அருகிலேயே இருக்கிறது. காயர் பித் என்று நர்சரிகளில் விற்கும் தென்னை நார்த்தூள் ஈரத்தை நன்கு உறிஞ்சும். காலில் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் வருகிறதே என்று ஆற்றுமணலைப் பாதி கலந்தேன்.

முதல் வாரம் குட்டியை மாடிப்படிக்கு அடியிலுள்ள சிறு அறையில் வைத்தோம். ஒரு மூலையில் தட்டு, எதிர்மூலையில் உணவும் தண்ணீரும். உண்ணும் இடத்தருகே அது கழிக்காது. பூனையை அடைத்து உணவளிக்காத பெண்ணைப் பற்றிய நபிமொழியை மகளுக்கு நினைவூட்டி, உணவு நேரங்களை அவள் பொறுப்பிலேயே விட்டேன். உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும் தட்டில் இறக்கி விடுவாள். அவ்வளவுதான் பயிற்சி.

ஒருமுறை அது கூடத்தில் குந்தியபோது மாமி கையோங்கிக்கொண்டு எழுந்தார். குட்டி பாதியில் ஓடியது. ஓரிடத்து ஈரம் நான்கிடத்து ஈரமாயிற்று. பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமவாசியை இடைமறிக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் முடித்தபின் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்ன செய்தியை அன்று மாமியிடம் சொன்னேன். மனிதரைப் பூனையோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. இடைமறித்தால் அசுத்தம் மேலும் பரவும், அவருக்கும் உடல்கேடு நேரும் என்று அறிஞர்கள் அதற்குச் சொன்ன காரணமே இங்கு வேண்டியது. மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் அடிப்பதும் குட்டிக்குப் பீரோவின் பின்னால் ஒளிந்து கழிக்கவே கற்றுத்தரும். அடிக்கு அஞ்சிய மாணவன் பாடத்தை அன்று, ஒளியும் வழியையே கற்கிறான் என்பதை மத்ரஸாவில் கண்டவள் நான்.

தூய்மை செய்வதில் ஃபிக்ஹும் பூனையின் மூக்கும் ஒன்றுபடுவது எனக்கு வியப்பளித்தது. நஜீஸின் நிறமும் மணமும் சுவையும் நீங்க வேண்டும் என்கிறது சட்டம். மணம் எஞ்சினால் குட்டி மீண்டும் அங்கேயே வரும். ஆகவே முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றித் துடைத்தோம். வாடை போகச் சிறிது வினிகர். முஸல்லாவை ஹனஃபி முறைப்படி மும்முறை அலசிப் பிழிந்தேன். ஃபினாயிலை மட்டும் தொடவில்லை. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் எளிதில் வெளியேற்றாது; மிதித்த காலை நக்கினாலே நஞ்சாகலாம்.

பதினைந்து நாள்களில் தவறுகள் நின்றன, அல்ஹம்துலில்லாஹ். தட்டு கிப்லாவின் பக்கம் இருக்கிறதே என்றார் மாமி. பூனைக்கு அப்படியொரு விதி இல்லை. எனினும் அவர் மனநிறைவுக்காக அறையின் மறுபக்கம் மாற்றினோம். இரண்டடிதான் நகர்த்தினோம், குட்டி ஏற்றுக்கொண்டது. தொழுது முடித்ததும் முஸல்லாவை மடித்து அலமாரியில் வைப்பதென்று மாமியும் ஒப்புக்கொண்டார். மீன் மார்க்கெட் பேச்சு பிறகு எழவில்லை.

அடுத்த மாதம் நாத்தனார் பேறுகாலத்துக்காக வருகிறார். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா எனும் கிருமி கர்ப்பிணியின் சிசுவைப் பாதிக்கலாம். வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பின்பே அது தொற்றும் நிலையை அடைகிறது என்பதால், கழிவை அன்றாடம் அகற்றுவது பாதுகாப்பு. நாத்தனார் அந்த அறைக்கே செல்ல வேண்டாமென்று சொல்லிவிட்டோம். மகளுக்குத் தேர்வு வேறு நெருங்குகிறது. ஆகவே ஃபஜ்ருக்குப் பிறகு கையுறை அணிந்து தட்டைத் துப்புரவாக்குவது இப்போது என் வேலை.