காத்தாடி வெச்ச அடுப்பு

ஒரு மாசமா எங்க வீட்டுல ஒரே பஞ்சாயத்துங்க. விசயம் பெருசா ஒண்ணுமில்லை. கன்வெக்‌ஷன் அவன் வாங்கறதா, வேண்டாமா? ('அவன்'னு எழுதினா யாரோ ஒருத்தனை வீட்டோட கூட்டிட்டு வர்ற மாதிரியே இருக்கு. அதனால இனிமே 'அடுப்பு'ன்னே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.)

சித்த கொசுவத்தி சுத்திக்கறேன். 2020 லாக்டவுன்ல ஊரே வீட்டுல உக்காந்து கேக் சுட்டுதே, அதுல எங்க தங்கமணியும் ஒருத்தி. அஞ்சு லிட்டர் குக்கர், அடியில ரெண்டு கிளாஸ் கல்லுப்பு, அதுமேல ஒரு வளையம், வளையத்து மேல டின். கேஸ்கட்டும் வெயிட்டும் கழட்டி ஓரமா வெச்சுடணும். மொத கேக் செங்கல் மாதிரி வந்தது. நாலாவது கேக் நல்லாவே வந்தது. மத்தவங்கல்லாம் லாக்டவுன் முடிஞ்சதும் விட்டுட்டாங்க, இவ விடலை. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பொறந்த நாள், எதுத்த வீட்டு அக்காவுக்குக் கல்யாண நாள்னு கேக்க ஆரம்பிச்சு, இப்ப மாசத்துக்குப் பத்துப் பதினஞ்சு கேக் போகுது.

எங்க ஊர் சென்னிமலை. போர்வைக்குப் பேர் போன ஊரு, அதுக்கும் மேல முருகன் ஊரு. கிருத்திகை, சஷ்டின்னா பாதி வீட்டுல முட்டை ஆகாது. அதனால இவகிட்ட வர்ற ஆர்டர்ல பாதிக்கு மேல முட்டை போடாத கேக்தான். பிரச்சனையே அங்கதான் ஆரம்பிச்சுது.

முட்டை இல்லாத கேக்குல மாவை உப்ப வைக்கறது தயிரும் சோடாவும். தயிரோட புளிப்பும் சோடாவும் சேர்ந்த அந்த நிமிசமே வாயு வர ஆரம்பிச்சுடும். கலக்கினமா, அடுப்புல வெச்சமான்னு இருக்கணும். காத்திருக்க வெச்சா வந்த வாயு எல்லாம் வெளியே போயிடும். அரைக் கிலோ கேக்குன்னா ஒரு டின்னு, கவலை இல்லை. ஒரு கிலோன்னா ரெண்டு அடுக்கு. குக்கர்ல ஒரு டின்தான் போகும். அது வேக முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் ரெண்டாவது டின் மேடை மேல உக்காந்து தன் மூச்சை விட்டுட்டே இருக்கும். தனித்தனியா கலக்கலாமேன்னு கேப்பீங்க. அப்படித்தான் செய்வா. ஆனா அன்னிக்கு ரெண்டு ஆர்டர் ஒட்டுக்கா வந்ததுல அவசரப்பட்டு மொத்தமா கலக்கிட்டா.

ஒரு கொழந்தைக்கு மொதப் பொறந்த நாள். மேல் அடுக்கு பஞ்சு, கீழ் அடுக்கு களி. க்ரீம் தடவி மறைச்சாச்சு, வெட்டினப்பத் தெரிஞ்சு போச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலை, நல்ல மனுசங்க. தங்கமணியே பொழுதோட அவங்க வீட்டுக்குப் போய் வாங்கின 700 ரூபாயையும் திருப்பிக் குடுத்துட்டு வந்தா. வந்து குக்கரைக் கழுவிக் கவுத்து வெச்சா. ஒரு வார்த்தை பேசலை. ராத்திரி, "ஏனுங்க, ஒரு அடுப்பு வாங்கலாமுங்களா?"ன்னா.

நான் என்ன பண்ணினேன்னா, நோட்டை எடுத்தேன். ஆபீஸ் புத்தி!

முதல்ல எந்த அடுப்புன்னு பார்க்கணுமில்ல. சாதாரண ஓடிஜியில மேலயும் கீழயும் கம்பி சூடாகும், காத்து அது பாட்டுக்கு நிக்கும். கன்வெக்‌ஷன்னா உள்ளே ஒரு காத்தாடி இருக்கு, சூட்டைச் சுத்தி விடும். சமைக்கற பொருளை ஒட்டி ஒரு குளிர்ந்த காத்துப் போர்வை இருக்குமாம், காத்தாடி அதைக் கலைச்சுவிடறதால சூடு சீக்கிரம் ஏறுது. அதனாலதான் 180 டிகிரின்னு போட்டிருக்கற குறிப்பை இதுல 160ல வைக்கணும்கறாங்க. 1940கள்ல அமெரிக்காவுல மாக்சன்னு ஒருத்தர் விமானத்துல உறைஞ்ச சாப்பாட்டைச் சூடு பண்றதுக்காக இப்படிக் காத்தாடி வெச்ச அடுப்பு செஞ்சிருக்கார். இப்ப எல்லா வீட்டுலயும் வந்து உக்காந்திருக்கற ஏர் ஃப்ரையரும் அதேதான், சின்னதா, பேரை மாத்தி விக்கறாங்க.

இன்னொண்ணு கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். ஈரோட்டுக் கடையில இதைத்தான் தலையில கட்டப் பார்த்தாங்க. "ரெண்டும் ஒண்ணுலயே இருக்குதுங்க சார், சோறும் சூடு பண்ணிக்கலாம், கேக்கும் சுட்டுக்கலாம்." சொல்றது பொய்யில்லை. ஆனா தங்கமணி ஒரு காரியம் பண்ணினா பாருங்க. கட்டைப் பையில இருந்து ரெண்டு கேக் டின்னை எடுத்து, "தம்பி, இது ரெண்டையும் உள்ளே வெச்சுக் காட்டுங்க"ன்னா. மைக்ரோவேவ்ல சுத்தற தட்டு மேல ஒரு டின்தான் நிக்குது. கீழ இருந்து சூடும் கெடையாது, ரொட்டி சுட்டா அடிப்பக்கம் வெளுத்துப் போயிடும். காத்தாடி வெச்ச நாப்பத்தஞ்சு லிட்டர் ஓடிஜியில ரெண்டு டின்னும் ஜோடியா உக்காந்துச்சு, நடுவுல ரெண்டு விரல் கடை இருந்தது. கடைக்காரத் தம்பி அதுக்கப்புறம் என்கிட்டப் பேசவே இல்லை, எல்லாம் அவகிட்டத்தான். விலை 12 ஆயிரத்துச் சொச்சம். யோசிச்சுச் சொல்றோம்னு வந்துட்டோம். (யோசிக்கறதுக்கு நான்தான் சொன்னேன்.)

இப்ப கரண்டுக் கணக்கு. அடுப்பு 2000 வாட். கம்பி எப்பவும் எரியாது, சூடு ஏறினதும் அணைஞ்சு அணைஞ்சு எரியும். பெருந்துறையில சின்னம்மா வீட்டுல இதே மாதிரி அடுப்பு இருக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை போய், மத்தது எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒரு கேக் சுட்டு மீட்டரைப் பார்த்தேன். காய வைக்கற நேரத்தோட சேர்த்து ஒரு யூனிட்டு, கொஞ்சம் முன்னப்பின்ன. (சின்னம்மா, "மாப்ளே, கேக் சாப்பிட வந்தீங்களா, மீட்டர் ரீடிங் எடுக்க வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க.) மாசம் பதினஞ்சு கேக்குன்னா ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்டு. இதுக்காகவா நான் இவ்வளவு மெனக்கெட்டேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

வோல்டேஜ்தான் நெசமான சிக்கல். எங்க வீதியைச் சுத்தி விசைத்தறி ஓடுது. பொழுதோட 190 வோல்ட்டுக்கு எறங்கிடும். கம்பி அடுப்புக்கு வோல்டேஜ் கொறைஞ்சா சூடு அதே அளவுல கொறையாது, வர்க்கத்துல கொறையும். 230க்கு 2000 வாட் குடுக்கற அடுப்பு 190ல சுமார் 1365 வாட்தான் குடுக்கும். மூணுல ஒரு பங்கு போச்சு. கதவைத் தொறந்து மூடினா திரும்ப அந்தச் சூட்டுக்கு வர்றதுக்குள்ள கேக் நடுவுல குழி விழுந்துடும். இதுக்குத் தகுந்த ஸ்டெபிலைசர் வாங்கினா அடுப்பு விலையில பாதி ஆயிடும். தறி ஓடாத நேரமாப் பார்த்துச் சுடறது ஒண்ணுதான் வழி. மத்தியானச் சாப்பாட்டு நேரம், இல்லைன்னா ராத்திரி பத்து மணிக்கு மேல. 2012ல தெனமும் பத்துப் பன்னெண்டு மணி நேரம் கரண்டு இல்லாமக் கெடந்தோமே, அந்தக் காலமா இருந்தா இந்தப் பேச்சே எடுத்திருக்க மாட்டோம்.

சரி, வாங்கினா எங்க வைக்கறது? இங்கதாங்க நான் மாட்டிக்கிட்டேன்.

சமையக்கட்டுல எடமில்லை. பின்பக்கமும் பக்கவாட்டுலயும் ஒரு கை அகலம் காலியா விடணும், சுவரெல்லாம் சுடும். ஆறு ஆம்பியர் ப்ளக்கும் ஆகாது, ஒம்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும். மிச்சம் இருக்கறது தறி ரூம். அங்க ரெண்டு குழித்தறி. ஒண்ணு அப்பாவோடது. 71 வயசு, இன்னும் காலையில ரெண்டு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம் மிதிக்கறார். இன்னொண்ணு அம்மாவோடது. அம்மா போய் ஆறு வருசம் ஆச்சு. அந்தத் தறியில பாவு ஏத்தலை. ஆனா வாரா வாரம் வெள்ளிக்கிழமை அப்பா அதையும் தொடைச்சுப் பொட்டு வெப்பார்.

நான் அந்தத் தறியைப் பத்தி வாயைத் தொறக்கலை. சத்தியமா. தங்கமணியும் தொறக்கலை. வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீசியன்தான், "இந்தத் தறி சும்மாத்தானுங்க கெடக்குது, எடுத்துட்டா இங்கயே 16 ஆம்பியர் பாயிண்ட் குடுத்துடலாம்"னு அப்பா முன்னாலயே சொல்லிட்டார். அப்பா நாடாவைக் கீழ வெச்சுட்டு வெளிய போயிட்டார்.

தங்கமணி ஓடிப்போய், "மாமா, எனக்கு அடுப்பே வேண்டாமுங்க. குக்கர்லயே பாத்துக்கறனுங்க"ன்னா. அப்பா, "சித்த பொறு அம்மணி"ன்னார். அவ்வளவுதான். ஒரு வாரம் அதைப் பத்திப் பேச்சே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டு உக்காந்திருக்கறப்ப அப்பா கேட்டார். "என்னமோ கணக்குப் போட்டயே, அந்த நோட்டை எடு."

குடுத்தேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாப் பார்த்தார். அடுப்பு விலை, ஒயரிங், யூனிட், ஸ்டெபிலைசர். மொதல்ல கரண்டு. "தறிக்குன்னு குடுக்கற கரண்டுல கேக் சுடறதா?" கைத்தறி இருக்கற வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் இலவசம்னு இருந்ததை 2023ல 300 ஆக்கினாங்க. நாம எப்படியும் அதைத் தாண்டித்தான் போறோம், எச்சாப் போறதுக்குக் காசு கட்டத்தானே போறோம்னேன். தலையாட்டினார். அப்புறம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல அம்மணி சம்பாதிக்கறதை எங்க எழுதியிருக்கே?"ன்னார்.

எழுதலை. நாலு பக்கமும் செலவுதான். எனக்குத் தோணவே இல்லை.

"உங்கம்மாவுக்கு இந்த ரெண்டாவது தறி போடறப்ப உங்க அப்பத்தாளும் இப்படித்தான் கணக்குச் சொன்னா. ஒரு தறி சோறு போடுது, ரெண்டாவது எதுக்குன்னா. உங்கம்மா வாயே தொறக்கலை. அடுத்த தீவாளிக்கு அவ காசுலயே சீலை எடுத்தா. உங்க அப்பத்தாளுக்கும் சேர்த்து எடுத்தா."

தங்கமணி உள்ள போய் ஒரு பழைய டைரியைக் கொண்டாந்து வெச்சா. நான் அதை அன்னிக்குத்தான் பார்த்தேன். மாவு, வெண்ணெய், க்ரீம், அட்டைப்பெட்டி, சிலிண்டர்ல அவ பங்குன்னு தேதி போட்டு எழுதியிருக்கா. வரவுப் பக்கமும் இருக்கு. அந்த 700 ரூபாய் திருப்பிக் குடுத்ததும் இருக்கு, அதுக்குக் கீழ ரெண்டு கோடு. கழிச்சுப் பார்த்தா அஞ்சாறு மாசத்துல அடுப்புக் காசு வந்துடும். என் நோட்டை நான் மடிச்சு வெச்சுட்டேன்.

தறியை அப்பாவேதான் பிரிச்சார். யாரையும் தொட விடலை. அச்சு, விழுது, படைமரம், மிதிகட்டை எல்லாத்தையும் பழைய போர்வையில சுத்திக் கட்டினார், நான் பரண் மேல ஏத்தினேன். நாடாவை மட்டும் தன் தறிக்கிட்டயே வெச்சுக்கிட்டார். குழியை மண்ணு போட்டு மூடிடலாமான்னு கேட்டேன். "மூட வேண்டாம். மேல ஒரு கல்லைப் போட்டுக்க"ன்னார். கடப்பாக்கல்லு ஒண்ணு வாங்கிப் போட்டோம். அதுமேல மேசை, மேசை மேல அடுப்பு. எர்த்தோட தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர்.

மொத நாள் ரெண்டு டின்னையும் ஒட்டுக்கா வெச்சு, 160 டிகிரி, முப்பத்தஞ்சு நிமிசம். அப்பா தறியை நிறுத்திட்டுக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டே இருந்தார், எங்க பையன் டிவி பார்ப்பானே அந்த மாதிரி. காத்தாடிப் பக்கம் இருந்த டின் சித்த செவந்து போச்சு. பாதி நேரத்துல தட்டைத் திருப்பி வைக்கணும்னு அன்னிக்குக் கத்துக்கிட்டோம். ரெண்டும் ஒரே உசரம். தங்கமணி ஸ்கேல் வெச்சு அளந்தா. ஒரு அடுக்கு எங்களுக்கு. இன்னொண்ணுக்கு க்ரீம் தடவி, அந்த மொதப் பொறந்த நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தா, காசு வாங்கலை.

போர்வையில கேக் வாசம் ஏறிடுமோன்னு எனக்கொரு பயம் இருக்கு. அப்பா, "ஏறினா எச்சா விலை கேக்கலாம்டா"ங்கறார்.

நாளைக்கு மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒம்பது மணியில இருந்து கரண்டு இல்லை. சனிக்கிழமைக்கு ஒரு கிலோ கேக் ரெண்டு இருக்கு, கிருத்திகை வேற, முட்டை போடக் கூடாது. அம்மணி இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல சுடறதுக்கு இப்பவே மாவு சலிச்சுட்டு இருக்கா. தயிர் வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. போயிட்டு வர்றேனுங்க.