ரிச்மண்ட் சாலை வீட்டு முற்றம்

ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம் என்று கேட்காத கட்சிக்காரரே இல்லை. பதில் சொல்லும்போது ‘ஷ்ரத்தானந்தா வழக்கு’ என்று வாயில் வரும். நான் அதில் ஆஜரானவன் அல்ல. தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்தவன். கொன்றவன் பெயர் சட்டத்தில் நிலைத்துவிட்டது. கொல்லப்பட்ட ஷாகரே கலீலியின் பெயரை ஒரு நீதிமன்றத்திலும் நான் சொன்னதில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி அவர். பெங்களூரில் ஏராளமான பரம்பரைச் சொத்து. முதல் கணவர் வெளியுறவுப் பணி அதிகாரி, நான்கு பெண்கள். சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவன் முரளி மனோகர் மிஸ்ரா என்கிற ஷ்ரத்தானந்தா. 1985-ல் விவாகரத்து, மறுவருஷம் அவனையே மணந்தார். பவர் பத்திரமும் உயிலும் அவன் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். என்னிடம் பவர் எழுத வரும் பெண்களுக்கு, அதை ரத்து செய்யும் வழியைச் சொல்லாமல் நான் கையெழுத்து வாங்குவதில்லை.

1991 மே இறுதிக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்க மருத்துவமனையில் இருக்கிறாள் என்றான் கணவன். மகள்களில் ஒருத்தி அங்கே விசாரித்தாள். அப்படி யாரும் சேரவில்லை. பிறகு பம்பாயில் அவனிடமே தாயின் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். 1992 ஜூனில் போலீஸில் புகார் கொடுத்தாள். அதன்பின்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் போனது.

1994 மார்ச்சில் அவனே காட்டிய இடத்தைத் தோண்டினார்கள். மயக்க மருந்து கொடுத்து மரப்பெட்டிக்குள் வைத்து உயிரோடு புதைத்திருந்தான், ரிச்மண்ட் சாலையிலிருந்த சொந்த வீட்டு முற்றத்தில். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. அதன்வழி கண்டெடுத்தது சாட்சியமாகும். எலும்புக்கூடு அவருடையதுதான் என்பதை மண்டையோட்டுப் பொருத்தமும் டிஎன்ஏ சோதனையும் நிறுவின.

2005-ல் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது; உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தண்டனையில் மாறுபட்டார்கள். 2008 ஜூலை 22-ல் மூவர் அமர்வு, தூக்கு வேண்டாம், ஆனால் தண்டனைக் குறைப்பே இல்லாமல் சாகும்வரை சிறை என்றது. தூக்கு, அல்லது நடைமுறையில் 14 வருஷத்தில் முடிந்துவிடும் ஆயுள் தண்டனை என்ற இரண்டே வழி இருந்தால், 14 போதாது என்று நினைக்கும் நீதிபதி தூக்கை நோக்கித் தள்ளப்படுவார் என்ற அவர்களின் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. 2015-ல் ராஜீவ் காந்தி கொலைக் கைதிகள் வழக்கில், ஐவர் அமர்வு 3:2 என்ற கணக்கில் இந்தத் தண்டனை முறையை ஏற்றது.

இப்போது வாதக்குறிப்பில் இந்தத் தீர்ப்பைச் சேர்க்கும்போது, பக்கத்தில் ‘ஷாகரே கலீலி கொலை’ என்றும் எழுதுகிறேன். யார் அவர் என்று ஜூனியர்கள் கேட்டால், மகள் அந்த பாஸ்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து சொல்லத் தொடங்குவேன்.