வேற்றுக்கரைப் படகு

பழைய பாய்மரப் படகை வேற்றுக்கரையில் வாங்குவது, பழைய மிதிவண்டி வாங்குவது போன்றதன்று. மிதிவண்டிக்கு எல்லாச் சாலையும் ஒன்றே. படகோ, ஒரு கடலுக்கென்றே கட்டப்படுவது.

சென்ற ஆண்டு கோட்டைப்பட்டினத்திலுள்ள என் மச்சான் மகன், நாகை மாவட்டக் கரையூர் ஒன்றில் மர வள்ளம் மலிவாகக் கிடைக்கிறதென்று, மனைவியின் நகையை அடகு வைத்த பணத்துடன் புறப்பட்டார். தாள் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னையும் அழைத்தார். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? உடன் வந்த முதிய மீனவர் சொன்னவற்றையே எழுதுகிறேன்.

கோடியக்கரைக்கு வடக்கே திறந்த கடல். அலை கரையிலேயே மோதி உடையும். அதைத் தாண்டுவதற்காக அங்குள்ள வள்ளங்களின் அணியம் உயர்ந்திருக்கும். நமது பாக் விரிகுடாவோ ஆழமற்றது. சேறும் கடற்புல்லும் மிகுந்தது. (2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமானதும் இப்புல்லை முன்னிட்டே.) அடி ஆழ்ந்த படகு இங்கே தரை தட்டும். நம் வத்தைகளில் காற்று வரும் புறமாகப் பலகை நீட்டி, ஆட்கள் அதன்மேல் அமர்ந்து சாய்வைத் தடுப்பர். அதற்கு இடமில்லாத படகில் பெரிய பாய் ஏற்றுவது ஆபத்து.

வெயிலில் கிடந்த மரப்படகைக் கரையில் கண்டே முடிவு செய்யாதீர்கள். பலகை உலர்ந்து இணைப்புகள் விரிந்திருக்கும். முதல் நாள் கசிவது குறையன்று. மரம் ஊறியதும் நின்றுவிடும். அதன் பிறகும் கசிந்தால்தான் ஐயம். ஆகவே இரண்டு இரவு தங்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏராவையும் ஆணி துருப்பிடித்த இடங்களையும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். புதிய வண்ணம் எங்கே தடிப்பாக இருக்கிறதோ, அங்கேதான் முதலில் குத்த வேண்டும் என்றார் பெரியவர்.

நான் பதிவுச் சான்றைக் கேட்டேன். அதில் இருந்தது விற்பவரின் காலஞ்சென்ற அண்ணன் பெயர். அவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். யதீம்களின் பங்கை அறியாமல் வாங்கினாலும் பொறுப்பு நீங்குமா? வாரிசுகளின் ஒப்புதலின்றி மீன்வளத்துறையில் பெயர் மாற்றவும் இயலாது. 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. இலங்கைக் கடற்படையிடம் படகு சிக்கினால், உரிமையாளர் அந்நாட்டு நீதிமன்றத்தில் ஆவணத்துடன் நிற்க வேண்டியிருக்கிறது.

முன்பணம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. பிள்ளைகளின் தாயார் கையொப்பத்துடன் சொல்லியனுப்புங்கள் என்று கூறித் திரும்பினோம். தகவல் வரவில்லை. மூன்று மாதம் கழித்துத் தொண்டிப் பக்கம் வத்தை ஒன்று அமைந்தது. விலை பதினோராயிரம் ரூபாய் கூடுதல். லாரி வாடகை மிச்சமானதில் பாதிக்குமேல் ஈடாகிவிட்டது. நகையைத்தான் இன்னும் மீட்கவில்லை.